தாத்தா வீடு, மல்லை (மாமல்லபுரம்; குழு உரையாடல்)

18 ஜனவரி 2026, ஞாயிறு. தை அமாவாசை

காலை 6:42
சரவணன்: எல்லாரும் ஒரு நிமிஷம். பட்டறை இடத்தை 31க்குள்ள காலி பண்ணிக் குடுக்கணும். உளி, சுத்தி, கிரைண்டரெல்லாம் வீட்டுக்கு வந்துடும். தாத்தாவோட கல் ஆமையை என்ன பண்றது?

சரவணன்: [படம்]

சரவணன்: ஈசிஆர்ல ஒரு ரிசார்ட்டுலேருந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. வாசல்ல வெக்கக் கேக்கறாங்க. நல்ல விலை சொல்றாங்க

அப்பா: விக்கறதுக்கில்ல

சரவணன்: சித்தப்பா நான் விக்கறேன்னு சொல்லல. கேக்கறாங்கன்னு சொன்னேன்

மாலா அத்தை: அப்பா கடைசியா தட்டின கல்லுடா அது

அம்மா: காலை வணக்கம் 🌺🌺 இந்த நாள் இனிய நாளாகட்டும்

அம்மா: ஐயோ இப்பதான் மேல படிக்கிறேன்

அம்மா: மாலா வாழைக்காய் ரெண்டு இருந்தா குடுத்து விடு. இங்க கடையில ஒண்ணும் இல்ல

மாலா அத்தை: அருண் கொண்டு வருவான்

காலை 7:15
பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். இப்போதுதான் கடற்கரையில் தர்ப்பணம் முடித்து வந்தேன். கூட்டம் அதிகம். ஆமைச் சிலை குறித்து என் கருத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும். நம் ஊர்ச் சிற்பம் தனியார் வாசலில் அடங்குவதற்கு உண்டானதல்ல. தபசுப் பாறையைப் பாருங்கள். கிட்டத்தட்ட 100 அடி அகலம். வீதியில் போகிற எவரும் நின்று பார்க்கும்படி பல்லவன் வெட்டி வைத்தான். குட்டிகளோடு நிற்கும் யானை, தவம் செய்யும் பூனை, அதன் காலடியில் எலிகள், எல்லாம் வெயிலில் மழையில் எல்லோருக்கும் பொதுவாக நிற்கின்றன. எனவே விற்பனை கூடாது என்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் பொது இடத்தில் வைப்பது நினைத்த மாத்திரத்தில் நடக்காது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களிலிருந்து 100 மீட்டர் வரை எதுவும் கட்டக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். 2010இல் வந்த சட்டத் திருத்தம் இது. கடற்கரை என்றால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் தனி. பீடத்துக்கு சிமெண்ட் போட்டாலே அதுவும் கட்டுமானம்தான். இன்னும் சொல்ல இருக்கிறது, காபி குடித்துவிட்டு வருகிறேன்.

அப்பா: சரி அண்ணே

அருண்: பெரிய மாமா 👍

காலை 7:31
மாமா: எங்க குப்பத்துல மீன் ஏலக்கூடத்தாண்ட வெக்கலாமே. ஊர்ப் பெரியவங்க கிட்ட நான் பேசறேன்

மாலா அத்தை: 🙏

அம்மா: நல்ல யோசனை அண்ணா

காலை 7:58
பெரியப்பா: குப்பத்தில் வைப்பது என்றால் யோசிக்க நிறைய இருக்கிறது.

மாலா அத்தை: என்ன அண்ணே யோசிக்கணும். 22 வருஷமா யோசிச்சாச்சு. சுனாமி அன்னிக்கு ஒரு தடவ ஓடி வந்து என்னைத் தேடின. அதுக்கப்புறம் எங்க வாசப்படி ஏறல நீ

மாலா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அருண்: அம்மா எல்லாரும் படிச்சிட்டாங்க

சரவணன்: கல்லு விஷயத்த மட்டும் பேசுவோமே ப்ளீஸ். 31ம் தேதி

அப்பா: பாட்டிய யாரு கடலுக்குக் கூட்டிட்டுப் போறா? கால் நனைக்கணும்னு காலையிலிருந்து சொல்லிட்டிருக்கு

கவிதா: நான் போறேன்பா. ஆமையையும் நெனச்சிட்டே போறேன். தாத்தா எப்பவும் என்னை அந்த மான் முன்னாடிதான் நிறுத்துவாரு. பின்னங்காலத் தூக்கி மூக்கச் சொறியுமே, அது. “சாமியச் செய்யக் கணக்கு இருக்கு. இதச் செய்ய மானைப் பாத்திருக்கணும்”னு சொல்வாரு

அப்பா: எனக்குக் குரங்குக் குடும்பம். பேன் பாத்துட்டு உக்காந்திருக்குமே

சரவணன்: எனக்குச் சித்தப்பாவோட சாஞ்ச பிள்ளையார்தான் 😄

அருண்: 😂😂 தெருமுனைல. பரீட்சைக்கு முன்னாடி எல்லாரும் அவருக்குத்தான் தேங்கா ஒடப்பாங்க

அப்பா: அப்ப எனக்குப் 14 வயசுடா. கல்லு அந்தப் பக்கம் தெறிச்சிடுச்சு. அப்பா தூக்கிப் போடல. “இவரும் இருக்கட்டும்”னு தெருவுல வெச்சிட்டாரு

காலை 9:10
அருண்: வெச்சா கடல் ஓரமா மணல்லயே வைக்கணும். ராத்திரிக்கு ரெண்டு போகஸ் லைட்டு. சூப்பரா இருக்கும்

கவிதா: வேணாம் அருண். மணல்லயும் வேணாம் லைட்டும் வேணாம்

அருண்: ஏன்க்கா

கவிதா: ஆமை முட்டை போட வர எடமே அதான். ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் ராத்திரி நாங்க முட்டை தேடி நடக்கறப்ப பாக்கறோம். ஒரு குழியில நூறு முட்டைக்கு மேல கூட இருக்கும். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள்ள குஞ்சு வெளிய வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டுல கடல்தான் பளிச்சுன்னு தெரியும், அதனால தண்ணிக்குப் போயிடும். நம்ம போகஸ் லைட்டு போட்டா நேரா தாத்தாவோட ஆமை காலடிக்கு வந்து செத்துப் போகும்

அருண்: ஓ

கவிதா: சென்னையில மாணவர்கள் சேர்ந்து 1988லிருந்து இந்த நடை நடக்கறாங்க. குழியிலிருந்து முட்டைய எடுத்துப் பொரிப்பகத்துல வெச்சுப் பாதுகாக்கறதே லைட்டுக்கும் நாய்க்கும் பயந்துதான்

மாமா: பாப்பா சொல்றது கரெக்ட்டு. மணல்ல வேணாம்

சரவணன்: மணல்ல எப்படியும் ஆகாது. 6 அடி நீளம், 4 அகலம், ரெண்டரை உயரம் கல்லா வந்துச்சு. கன அடிக்கு 75 கிலோ போட்டாலே நாலரை டன். செதுக்கினது போக இப்ப மூணு மூணரை இருக்கும். ஹைட்ரா கிரேன் மணல்ல எறங்கினா சக்கரம் பொதைஞ்சுடும்

அப்பா: ஏலக்கூடம் வரைக்கும் தார் ரோடு இருக்கு

மாமா: இருக்கு. ஐஸ் வண்டி வருதே

கவிதா: மாசி மகத்துக்கு இருளர் சனம் குடும்பம் குடும்பமா வந்து கடற்கரையில தங்குவாங்களே, கன்னியம்மனக் கும்பிட. அவங்க எடத்தையும் அடைக்கக் கூடாது

மாமா: அது தள்ளி. ஏலக்கூடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல

அம்மா: அருண் வாழைக்காய் இன்னும் வரல

அருண்: கெளம்பிட்டேன் அத்தை

காலை 10:22
பெரியப்பா: காபிக்குப் பிறகு பட்டறைக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒரு முக்கியமான விஷயம். அப்பா முடிக்காமல் விட்ட கல் இது. 2025 ஜனவரியில் ஆரம்பித்தார், பங்குனியில் போய்விட்டார். இரண்டு மாத வேலை. ஓட்டின் இடது பக்கம் கட்டங்களை வெட்டி முடித்திருக்கிறார். வலது பக்கம் வெறும் காவிக் கோடுதான். எண்ணிப் பார்த்தேன். நடுவரிசை முதுகெலும்பு மாதிரி ஓடுகிறது, அதை விட்டுவிடுங்கள். அதற்கு இடப்பக்கம் 6 கட்டம். வலப்பக்கம் 7 கோடு போட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒத்துப் போகவில்லை. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அப்பாவின் கை அப்படித் தவறியதே இல்லை. சாமி சிலைக்கு உத்தம தசதாள முறையில் உயரம் 124 அங்குலம் (சிலையின் அளவுப் பங்கு) என்றால் ஒரு நெல் அளவு கூடாது, குறையாது. கல்லூரியில் 30 வருஷம் பிள்ளைகளுக்கு நான் அவர் கையைத்தான் உதாரணம் காட்டினேன். கடைசியில் கண் மங்கிவிட்டதோ என்னவோ. இதை இப்படியே பொது இடத்தில் வைத்தால் ஊரில் நாலு சிற்பிகள் பார்த்து என்ன சொல்வார்கள்? வலப்பக்கத்தை 6 ஆகத் திருத்தி நானே முடித்துத் தருகிறேன்.

அப்பா: அண்ணே அப்படியே விடலாம்னு தோணுது. நம்ம ஊர்ல முடியாத வேல இல்லையா? ரதமெல்லாம் மேலேருந்து கீழ வெட்டிட்டே வந்து பாதியில நிக்குது. பாக்க வரவங்க அதையும் பாத்துட்டுத்தான போறாங்க

பெரியப்பா: முடியாதது வேறு. தப்பானது வேறு.

சரவணன்: அப்பா

காலை 10:40
மாமா: தப்பு இல்ல

மாமா: [குரல் செய்தி 2:14]

அருண்: எங்க அப்பா நீளமா டைப் பண்ண மாட்டாரு. கேக்க முடியாதவங்களுக்கு நான் எழுதறேன். போன வருஷம் ஜனவரியில சென்னையிலிருந்து நம்ம பக்கம் வரைக்கும் ஆமைங்க நூத்துக்கணக்குல செத்து ஒதுங்கிச்சே. ஆமை மூச்சு வாங்க மேல வந்தே ஆகணும், பெரிய இழுவலையில மாட்டினா வர முடியாது. விசைப்படகு அஞ்சு கடல் மைலுக்கு உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அப்படியும் வருது. தாத்தா தெனம் கரைக்கு வந்து நின்னு பாப்பாராம். ஒரு நாள் அப்பாகிட்ட நூல் கேட்டாராம். செத்த ஆமை ஒண்ண ரெண்டு பேரும் அளந்தாங்களாம். தலை, துடுப்பு, ஓடு, ஒவ்வொண்ணுக்கும் நூல்ல முடிச்சு. கட்டத்தையும் எண்ணினாங்களாம். எடப்பக்கம் 6, வலப்பக்கம் 7

கவிதா: பெரியப்பா!! பங்குனி ஆமை அப்படித்தான் இருக்கும்! பேராமைக்குப் பக்கத்துக்கு 4 கட்டம், எப்பவும் சமம். பங்குனி ஆமைக்கு 5லிருந்து 9 வரைக்கும் கூட வரும், ரெண்டு பக்கமும் ஒத்துப் போகணும்னு இல்ல. நாங்க அதப் பாத்துத்தான் என்ன ஆமைன்னு சொல்றதே

கவிதா: ஏழுவரி ஆமைக்குக் கட்டமே கிடையாது. தோலு, அதுல வரி

அம்மா: பங்குனி ஆமையா? உங்க தாத்தா போனதும் பங்குனிலதான்

சரவணன்: 6ம் 7ம்

சரவணன்: தாத்தா சரியாத்தான் எண்ணியிருக்காரு

மாலா அத்தை: அந்த ஆமையப் பொதைக்கறப்ப அப்பா அழுதாரு. நான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு

காலை 11:05
அருண்: பெரிய மாமா டைப்பிங்னு ரொம்ப நேரமா காட்டுது

காலை 11:19
பெரியப்பா: மாப்ள, அந்த நூல் இருக்கிறதா?

மாலா அத்தை: 🙏🙏

மாமா: இருக்கு மச்சான். படகுப் பொட்டியில பத்திரமா வெச்சிருக்கேன்

பெரியப்பா: முடிச்சு கலையாமல் இருக்கிறதா?

மாமா: கலையல. நைலான் நூலு. உப்புல போட்டாலும் ஒண்ணும் ஆவாது

அம்மா: வாழைக்காய் வந்துடுச்சு. ரெண்டு கேட்டா ஒரு சீப்பு குடுத்து விட்டிருக்கா மாலா

மதியம் 1:34
சரவணன்: சாப்பாடு ஆச்சா எல்லாருக்கும்? ஹைட்ரா 29ம் தேதிக்குக் கேட்டிருக்கேன். நாள் வாடகை. யார் குடுக்கறதுன்னு பேசிக்கலாம். பீடத்துக்கு ஒரு அடி உயரம் போதுமா?

அப்பா: பீடமே வேணாம். ஆமை தரையில இருக்கறதுதான் அழகு

சரவணன்: தரையிலன்னா மழைத் தண்ணி நிக்கும் சித்தப்பா. அரை அடியாவது வேணும்

அருண்: பாலிஷ் போடலாமா? கண்ணாடி மாதிரி கறுப்பா

சரவணன்: வேண்டாம்டா, உளி கொத்து தெரியட்டும். அதுவுமில்லாம கிரைண்டர் வெச்சா தூசி. போன வருஷம் டாக்டர் நெஞ்சு படம் எடுத்துப் பாத்ததுலேருந்து நான் மாஸ்க் இல்லாம மிஷினத் தொடறதில்ல

அம்மா: இத ஏன் முன்னாடியே சொல்லல சரவணா?

சரவணன்: ஒண்ணுமில்ல சித்தி. சும்மா பாத்தாங்க

அம்மா: கல்லு தூசிய சும்மான்னு சொல்லாதே. உங்க தாத்தாவோட தம்பி அதுலதான் போனாரு. நாளைக்கே ரிப்போர்ட்ட எடுத்துட்டு வீட்டுக்கு வா

கவிதா: பாட்டி பேசணும்னு சொல்லுது. கடல்லேருந்து இப்பதான் வந்தோம்

கவிதா: [குரல் செய்தி 0:21]

கவிதா: காது கேக்காத இடத்துல இருக்கறவங்களுக்கு: “வேலி கீலி போடாதீங்க. பிள்ளைங்க ஏறி உக்காரட்டும். உக்காந்து உக்காந்து வழுவழுன்னு ஆவட்டும். அவரு அதுக்குத்தான் செஞ்சாரு.”

அப்பா: ❤️

அருண்: குப்பத்துப் பசங்க மொத நாளே ஏறிடுவாங்க பாட்டி, கவலப்படாதீங்க

மாலை 4:50
பெரியப்பா: கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், மன்னிக்கவும். ஏலக்கூடத்துக்கு அருகே வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இடம் கோயிலிலிருந்து எத்தனை மீட்டர் என்று முறையாக அளக்க வேண்டும். 100 மீட்டரைத் தாண்டி 300க்கு உள்ளே வந்தால் மனு எழுதியே ஆக வேண்டும், அதை நான் எழுதுகிறேன். கடலோர அனுமதி பற்றியும் விசாரிக்கிறேன். அதற்குள் 29 வந்துவிட்டால் கல்லைத் தற்காலிகமாக எங்கே வைப்பது என்பதையும் யோசிக்கவும். வலப்பக்கம் 7 கட்டம்தான். அதை வெட்டுவதா, அப்பாவின் காவிக் கோட்டோடு விடுவதா என்று நூலைப் பார்த்த பிறகு முடிவு செய்வோம். கோடு மழையில் இரண்டு மாதம் தாங்காது என்பதை மட்டும் தம்பி நினைவில் வைக்கவும். அப்பா எந்த உளியால் இடப்பக்கம் வெட்டினார் என்று சரவணன் எடுத்து வைக்கவும். வேறு உளி போட்டால் கொத்து மாறிவிடும்.

அப்பா: அண்ணே அதப் பத்தி நேர்ல பேசுவோம். நான் இன்னும் சரின்னு சொல்லல

பெரியப்பா: சரி. பேசுவோம்.

சரவணன்: உளி தனியா துணியில சுத்தி வெச்சிருக்கேன்பா. தாத்தா சுத்தினபடியே இருக்கு

கவிதா: லைட்டு இல்லைங்கறது முடிவுதானே? யாராவது சரின்னு சொல்லுங்க

அருண்: சரிக்கா. லைட்டு இல்ல

மாமா: ஏலக்கூடத்து ட்யூப் லைட்டு ஒண்ணு இருக்கு பாப்பா. சீசன்ல அத நிறுத்தச் சொல்லிப் பாக்கறேன். வலை பிரிக்கறவங்க ஒத்துக்கணும்

கவிதா: தேங்க்ஸ் மாமா 🐢

மாலை 6:12
பெரியப்பா: மாப்ள, நாளைக் காலை 6 மணிக்குப் பட்டறைக்கு நூலைக் கொண்டு வர முடியுமா?

மாலா அத்தை: 6 மணிக்கு அவரு கடல்ல இருப்பாரு அண்ணே. நீ 10 மணிக்கு நம்ம வீட்டுக்கு வா. நூல் இங்கதான் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போலாம்

பெரியப்பா: உன் அண்ணி முழங்கால் வலி என்கிறாள். படி ஏற முடியுமா தெரியவில்லை.

மாலா அத்தை: ரெண்டு படிதான் அண்ணே. அருண் கையப் புடிச்சுக்குவான்

பெரியப்பா: சரிம்மா. வருகிறோம்.

அம்மா: மாலா நாளைக்கு என்ன மீன்?

மாலா அத்தை: வலையில என்ன வருதோ அது

சரவணன்: அப்ப ரிசார்ட்காரங்களுக்கு என்ன சொல்ல? சாயந்தரம் போன் பண்ணுவாங்க