வெளிநாட்டிலிருந்து வந்தவரின் காய்ச்சல்: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், ராதாபுரம் வட்டம்:

என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல் பக்கம்தான் போனது. மீன்பிடிக்கவும் கப்பல் வேலைக்கும் வெளிநாடு போய்வருகிறவர்கள் அங்கே தெருவுக்குச் சிலராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு வந்த காய்ச்சலைப் பற்றிச் சொல்கிறேன்.

ஐப்பசி மழை நேரம். எந்தக் காய்ச்சல் வந்தாலும் முதலில் டெங்குவைத்தான் நினைப்போம். 2012இல் கடையநல்லூர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் லேசில் போகாது. இந்தத் தம்பி மேற்கு ஆப்பிரிக்காவில் கப்பல் வேலை பார்த்துவிட்டு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பிளேட்லெட் குறைவு. உடனே டெங்கு என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்கேயிருந்து வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் எங்கள் கிராம சுகாதார செவிலியர். காய்ச்சல் கணக்கெடுக்கப் போனவர், திண்ணையில் கிடந்த பெட்டியில் விமான நிலையச் சீட்டு கிழிபடாமல் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறார். “தம்பி எந்த நாட்டுல இருந்து வந்தாப்ல?” என்று அம்மாவிடம் கேட்டார். பதில் வந்ததும் அங்கேயே விரலில் குத்தி ரத்தத் தடவல் எடுத்து எனக்குப் போன் போட்டார். மலேரியாவிலேயே ஆபத்தான ஃபால்சிபாரம் வகை. அன்று இரவே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம், பிழைத்துக்கொண்டார். இந்த வகையில் சில நாள் தாமதமே உயிரைக் குடித்துவிடும். மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும்.

எங்கள் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. சுற்றியிருந்த வீடுகளில் காய்ச்சல் கண்டவர்களுக்கெல்லாம் ஸ்லைடு எடுத்தோம். கிணறு, மாடித் தொட்டி எல்லாம் ஏறி இறங்கினோம். நகரத்து மலேரியாக் கொசு நல்ல தண்ணீர்த் தொட்டியில்தான் வளரும். வெளியூர்க் கிருமி வந்து இறங்கி, அதைச் சுமக்கிற கொசுவும் இங்கே இருந்தால் ஊருக்குள் பரவ வேறென்ன வேண்டும்?

ஆனால் மிகவும் சிரமப்பட்டது ஆளைத் தேடுவதில்தான். அதே கப்பலில் வேலை பார்த்து, அதே சமயம் ஊர் திரும்பியவர்கள் யார் என்று கேட்டால் தம்பி வாயே திறக்கவில்லை. ‘நோயாளிக் கூட்டம்’ என்று பேர் வந்துவிட்டால் அடுத்த தடவை ஏஜென்ட் எடுக்க மாட்டான் என்ற பயம். அது நியாயமான பயம்தான், அந்தச் சம்பளத்தை நம்பித்தானே வீட்டில் கடன் வாங்கியிருக்கிறார்கள். மேலே சத்தம் போடாமல் படுக்கை பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: “உன் பேரை எங்கேயும் சொல்ல மாட்டேன். கம்பெனிக்கும் ஏஜென்டுக்கும் ஒரு வார்த்தை போகாது. அவங்களுக்குக் காய்ச்சல் இருக்கான்னு மட்டும் கேட்டுக்கிடுதேன்.” மறுநாள் அவரே நம்பர்களைக் கொடுத்தார். குமரி மாவட்டக் கடற்கரையில் ஒருவர் அப்போதுதான் காய்ச்சலில் படுத்திருந்தார். அந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லி அவரையும் பிடித்தோம். எந்தப் படிவத்தாலும் அவரைக் கண்டுபிடித்திருக்க முடியாது. இந்தத் தம்பி எங்களை நம்பியதால் கிடைத்தவர் அவர்.

லேப் டெக்னீஷியன், பாளையங்கோட்டை:

அண்ணாச்சி சொன்ன பிளேட்லெட் விஷயத்தை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். மலேரியாவிலும் பிளேட்லெட் இறங்கும். வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் டெங்கு பரிசோதனையோடு மலேரியா ஸ்லைடும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஃபால்சிபாரத்தில் ஒரே சிவப்பணுவுக்குள் இரண்டு மூன்று சின்ன வளையங்கள் தெரியும், சிலரிடம் பிறை வடிவமும் இருக்கும். ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது. முதல் ஸ்லைடில் கிடைக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடக் கூடாது, மறுபடி எடுக்க வேண்டும்.

மலேரியாவில் வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை வேறு மாதிரி. அந்தக் கிருமி ஈரலில் ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் தூங்கும். சித்திரையில் ஊருக்கு வந்தவருக்கு கார்த்திகையில் குளிர்காய்ச்சல் வந்த கேஸ் பார்த்திருக்கிறேன். “சமீபத்தில் வெளிநாடு போனீர்களா?” என்று டாக்டர் கேட்டபோது அவர் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஏழு மாதம் என்பது சமீபம் இல்லை. அதனால் “இந்த ஒரு வருஷத்தில் எங்கெல்லாம் இருந்தீர்கள்?” என்று கேட்கச் சொல்லி எங்கள் டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன், இப்போது அப்படித்தான் கேட்கிறார். ஈரலில் தூங்குவதைக் கொல்ல பிரைமாகுயின் 14 நாள் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள், அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இல்லத்தரசி, மேலப்பாளையம்:

2020 மார்ச்சில் என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்தார். நெல்லையில் முதலில் கொரோனா உறுதியானவரும் துபாயிலிருந்து வந்தவர்தான் என்று செய்தி வந்த நேரம். வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அவருக்குத் தொற்று இல்லை, ஆனாலும் பால்காரர் எங்கள் தெருவுக்குள்ளேயே வர மறுத்தார். ஊர்ப் பேரைச் சொன்னாலே ஆட்டோவில் ஏற்றாத நாள்களும் இருந்தன. தனிமைப்படுத்தியதில் எனக்குக் குறை இல்லை, அது தேவைதான். வாசலில் ஒட்டியதும் பேரைப் பரப்பியதும்தான் வலித்தது. அதற்குப் பிறகு தெருவில் சிலர், வளைகுடாவிலிருந்து வந்ததையே வெளியில் சொல்லாமல் இருந்தார்கள்.

சில வருஷம் கழித்து மாமி ஹஜ்ஜிலிருந்து திரும்பியபோது இருமலும் காய்ச்சலும். போகும் முன்பு மூளைக்காய்ச்சல் ஊசி போட்டு, போலியோ சொட்டு மருந்தும் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். சீட்டு எழுதுகிற இடத்திலேயே “சவூதியிலிருந்து வந்து ஆறு நாள்தான் ஆகிறது” என்று சொல்லிவிட்டேன். டாக்டர் மாஸ்க் கொடுத்து, தனி அறையில் உட்கார வைத்து, தொண்டையிலிருந்து மாதிரி எடுத்தார். ஒட்டகத்திலிருந்து வருகிற மெர்ஸ் என்ற மூச்சுத்தொற்றைப் பற்றி அவர்தான் விளக்கினார். 2015இல் வளைகுடா போய்த் திரும்பிய ஒருவர் காய்ச்சலோடு பல ஆஸ்பத்திரி ஏறி இறங்கியதில் தென்கொரியாவில் 186 பேருக்குத் தொற்றி 38 பேர் இறந்தார்களாம். மாமிக்குச் சாதாரண சளிக்காய்ச்சல்தான். காத்திருந்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த டாக்டருக்கு இன்றுவரை துஆ செய்கிறேன்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், ராதாபுரம் வட்டம்:

தங்கச்சி எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டேன். வாசலில் ஒட்டுகிற ஸ்டிக்கர் எங்கள் வேலையைக் கெடுக்கிற ஸ்டிக்கர். இதை நான் பணியில் இருந்தபோதும் சொன்னேன்.

ஒரு காலத்தில் நம் ஆட்களைத்தான் இலங்கைக்காரர்கள் நோய் கொண்டுவருகிறவர்களாகப் பார்த்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களை மண்டபத்திலும், தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறையிலும் முகாம் போட்டு நிறுத்தி வைத்துத்தான் கப்பலேற்றினார்கள். அதே இலங்கையில் 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூர் மலேரியா இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு கேஸையும் தேடிப்போய்ப் பார்ப்பதால்தான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நோய்களைக் கண்காணிக்க நமக்கு இங்கே இருக்கிற ஏற்பாடு 2004இல் வந்தது. நோய் விவரம் செவிலியரிடமிருந்து எஸ் படிவம், டாக்டரிடமிருந்து பி படிவம், லேபிலிருந்து எல் படிவம் என்று மாவட்டக் கண்காணிப்புப் பிரிவுக்குப் போகும், இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள்.

விமான நிலையத்திலேயே பிடித்துவிடலாமே என்று கேட்பார்கள். நம்மில் பாதிப் பேர் இறங்குவது திருவனந்தபுரத்தில். 2022 ஜூலையில் இந்தியாவின் முதல் குரங்கம்மை நோயாளியான கொல்லத்துக்காரரும் அமீரகத்திலிருந்து அங்கேதான் வந்து இறங்கினார். இறங்கும்போது காய்ச்சல் இல்லாதவரை எந்தக் கருவியும் காட்டிக்கொடுக்காது. ஃபால்சிபாரம் உடம்புக்குள் வளரவே ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதற்குள் அவர் களியக்காவிளை தாண்டி வீட்டுக்கு வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, கல்யாண வீட்டுக்கும் போயிருப்பார்.

வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் உங்கள் ஊர் செவிலியரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் 104க்குப் போன் பண்ணுங்கள். எந்த நாடு, எந்தத் தேதியில் வந்தார், வழியில் எங்கே தங்கினார் என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். அவர் கேட்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.