விக்டோரிய நாவல்களில் வீட்டைச் சுமந்த பெண்கள்: உங்களுக்கு யார்?

மூத்தமகள்:
எனக்கு மார்கரெட் ஹேல். எலிசபெத் கேஸ்கலின் ‘நார்த் அண்ட் சவுத்’ (1854–55). எம்.ஏ. பரீட்சைக்குப் படித்தபோது மில் முதலாளி தார்ன்டன்தான் கண்ணில் பட்டார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம் மறுபடி எடுத்தேன், அப்போதுதான் அவள் தெரிந்தாள்.

அப்பா பாதிரியார். மனசாட்சி உறுத்துகிறது என்று வேலையை விடுகிறார். அதை மனைவியிடம் சொல்லத் தைரியமில்லை. மகள் தலையில் கட்டிவிடுகிறார். எனக்கு வந்த கோபம்! அதற்கப்புறம் எல்லாம் அவள்தான். மூட்டை கட்டுவது, துணிக்கு இஸ்திரி போடுவது, அம்மாவின் நோயை மறைக்கப் பார்க்கும் டாக்டரை மடக்கி உண்மையை வாங்குவது. கப்பல் கலக வழக்கில் தேடப்படும் அண்ணனுக்காகப் போலீஸ்காரரிடம் ‘நான் அங்கே போகவே இல்லை’ என்று முகம் மாறாமல் பொய் சொல்கிறாள். அவர் போனதும் மயங்கி விழுகிறாள்.

அப்பா அம்மா இருவரும் போன பிறகு குரோமர் கடற்கரையில் சும்மா உட்கார்ந்து யோசிக்கிறாள். லண்டன் திரும்பியதும் பெரியவர்களிடம் சொல்லிவிடுகிறாள், இனி என் பொழுதுக்கு நான்தான் பொறுப்பு என்று. வீட்டுக்காக முடிவெடுத்துப் பழகியவளுக்குத் தனக்காக எடுக்கவும் வந்துவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

அரைகுறை_எம்ஃபில்:
அக்கா, அவளுக்குச் சொத்து வந்ததையும் சொல்லுங்க! தார்ன்டனுக்குக் கடனாகத் தர முன்வருவதே 18,057 பவுண்டு.

என் ஆள் எத்தல் மே. ஷார்லட் யங்கின் ‘தி டெய்சி செயின்’ (1856). 11 பிள்ளைகள் உள்ள வீடு, அம்மா வண்டி விபத்தில் இறந்துவிடுகிறாள். அண்ணன் நார்மனுக்கு ஈடாகக் கிரேக்கம் படித்துக்கொண்டிருந்தவள் எத்தல். வீட்டுக் காரியம் கெடுகிறது என்று அக்கா எடுத்துச் சொல்ல, அந்தப் போட்டியை விட்டுவிடுகிறாள். தம்பிக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த வருஷம் படிப்பை நிறுத்தியவள் நான். அந்த அத்தியாயத்தைத் தாண்டவே நாளாச்சு. யங் அதைச் சரி என்றே எழுதுகிறார், அதுதான் எரிச்சல். ஆனால் காக்ஸ்மூர் ஏழைகளுக்குப் பள்ளிக்கூடம், சர்ச் என்று எத்தல் பிடிவாதமாக நடத்திக் காட்டுகிறாள் பாருங்க, அது அவளே தேடிக்கொண்ட வேலை. அதுக்காக மன்னிச்சேன்.

சும்மா_வாசகி:
நாவலை விடுங்க, எழுதினவங்களே அப்படித்தான். 1846 ஆகஸ்டில் அப்பாவின் கண்புரை ஆபரேஷனுக்காக ஷார்லட் பிராண்டி மான்செஸ்டர் போனார். இருட்டறையில் கிடந்த அப்பாவுக்குத் துணையிருந்த அந்த நாட்களில்தான் ‘ஜேன் அயர்’ எழுத ஆரம்பித்தார்.

மூத்தமகள்:
இது நல்ல தகவல்! பண விஷயமும் சரிதான் தங்கச்சி. இன்னொன்று சேர்த்துக்கோ: இங்கிலாந்தில் கல்யாணமான பெண்களின் சொத்துரிமைக்கான 1870, 1882 சட்டங்கள் வருமுன், தனியாக ஒப்பந்தம் எழுதி வைக்காவிட்டால் கல்யாணத்தோடு பெண்ணின் ரொக்கம் புருஷனுக்குப் போய்விடும். கடன் பேச உட்கார்ந்த அதே பேச்சில் மார்கரெட் தார்ன்டனுக்குச் சம்மதமும் சொல்லிவிடுகிறாள். அப்புறம் அந்த வட்டிக் கணக்கு என்ன ஆச்சு என்று கேஸ்கல் மூச்சே விடவில்லை.