புதுப்பிப்பு: பெரிய நிறுவனத்திடம் நின்ற பாக்கி வசூலானது

எங்கள் பட்டறையில் பம்ப் உதிரிபாகம் வாங்கும் பெரிய நிறுவனம் மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்தடிப்பதாக முன்பு எழுதியிருந்தேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி பணம் தர 45 நாட்களுக்கு மேல் அவகாசம் கிடையாது என்றும், தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு என்றும், உத்யம் எண்ணோடும் (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு எண்), சரக்கைப் பெற்றதற்குத் தேதியுடன் அவர்கள் சீல் வைத்த டெலிவரி சலான் நகல்களோடும் கடிதம் அனுப்பினோம். அந்த நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு அசையவில்லை. (அவர்களோடு மல்லுக்கட்டுவது வீண்.) கெடு தாண்டி நிற்கும் பாக்கியை அந்த நிதியாண்டின் செலவாகக் கழிக்க 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு இடம் தராது என்பதை அவர்களுடைய கணக்குப் பிரிவிடம் எடுத்துச் சொன்ன பிறகே, மார்ச் இறுதிக்குள் பழைய பில்கள் அனைத்தும் தீர்ந்தன. பாக்கித் தாமதப் புகார்களுக்கான அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் செய்யும் தேவை எழவில்லை. வெறுமனே வாங்கி விற்கும் வணிகர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.