பரமக்குடியிலிருந்து வந்த பின்னூட்டம்

நான் வலைப்பூ தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. சின்ன அனுபவம்தான் என்றாலும், எங்கள் வீட்டில் அதனால் ஒரு பேச்சு பிறந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

சொந்த ஊர் சென்னிமலை. அப்பா நாற்பது வருடம் குழித்தறியில் போர்வை நெய்தவர். இப்போது வயது 74. பார்வை மங்கியதும் தறியை நிறுத்திவிட்டார். குழியின் மேல் பலகை அடித்து, அதன்மேல் அவருடைய கட்டிலைப் போட்டிருந்தோம். எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை.

எழுதுவதற்குத்தான் புதியவள், படிப்பதற்கு இல்லை. 2006, 2007 வாக்கில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தமிழ் வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் தளத்தில் வரும் பதிவுகளைப் படிப்பேன். சில கணினிகளில் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு ஒழுங்காகத் தெரிகிற கணினி எது என்று கேட்டு, அது காலியாகும் வரை காத்திருப்பேன். எழுத மட்டும் தைரியம் வரவில்லை. 2004 சுனாமியின்போது எங்கே என்ன உதவி தேவை என்று திரட்டிச் சொல்வதற்காகவே சிலர் சேர்ந்து வலைப்பதிவு நடத்தினார்கள். 2009இல் ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து மலாலா, 11 வயதில், குல் மகாய் என்ற புனைபெயரில் பிபிசி உருது தளத்தில் நாட்குறிப்பு எழுதினார். இதையெல்லாம் பார்த்தவளுக்கு, என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. சின்ன வயதில் தார் சுற்றியிருக்கிறேன், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குச்சியில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதானே.

கடைசியில் அதையே எழுதினேன். பள்ளி விட்டு வந்ததும் ராட்டை முன்னால் உட்கார வேண்டும். வலது கை ராட்டையைச் சுற்றும், இடது கை விரல்களுக்கு நடுவே நூல் ஓடும். கட்டை விரலுக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு விழுந்து, குளிக்கும்போது எரியும். பிடி தளர்ந்தால் தார் பொதபொதவென்று ஆகிவிடும். தாரை வைத்துத் தறியில் குறுக்கே ஓட விடும் நாடாவுக்குள் நூல் சிக்கும். "யார் சுத்துன தாரு இது?" என்று அப்பா தறியில் இருந்தபடியே சத்தம் போடுவார்.

முதலில் இதைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் போட்டேன். ஆறு பேர் கட்டை விரலைக் காட்டினார்கள். மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது போய்விட்டது. வலைப்பூவிலும் முதல் வாரம் 11 பேர்தான் படித்தார்கள். அப்புறம் மூன்று மாதம் சத்தமே இல்லை.

ஒரு நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. பரமக்குடியில் சேலை நெய்த குடும்பத்துக்காரர். 'தார் சுற்றும் ராட்டை' என்று தேடியபோது என் பதிவு கிடைத்ததாம். அவருடைய அம்மாவின் விரலிலும் அதே கோடு இருந்ததாம். கூடவே ஒரு திருத்தம் சொல்லியிருந்தார். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுவது துணி பளபளப்பாக இருப்பதற்காக என்று நான் எழுதியிருந்தேன். அது தப்பு, அப்பாவைக் கேட்டுப் பாருங்கள் என்றார்.

அன்று இரவே அப்பாவுக்கு போன் செய்து பின்னூட்டத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அவரு சொல்றதுதான் சரி கண்ணு. வெறும் நூலு அச்சுல உரசி உரசிப் பஞ்சாப் போயிடும், அறுந்துக்கும். கஞ்சி இருந்தாத்தான் தாங்கும்" என்றார். அச்சு என்பது பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற சட்டம். விடிவதற்கு முன்பே தெருவில் பாவை நீட்டிவிடுவது ஏன், வெயில் ஏறினால் கஞ்சி எப்படி வேகமாகக் காய்ந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை. அவரும் தானாகச் சொன்னதில்லை.

வலைப்பதிவின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி இருப்பதால், மூன்று மாதம் கழித்தும் முகம் தெரியாத ஒருவரால் அதைத் தேடி எடுக்க முடிந்தது. எடுத்தவர் பாராட்டிவிட்டு மட்டும் போகவில்லை, தப்பைச் சொன்னார். எனக்கு அதுதான் பெரிய விஷயம். இத்தனைக்கும் அவர் என்னை நேரில் பார்த்ததுகூட இல்லை.

போன மாதம், பதிவைப் படித்துவிட்டு ஜவுளி வடிவமைப்பு படிக்கும் ஒரு பெண் சென்னிமலைக்கே வந்தாள். அப்பா கட்டிலை நகர்த்தச் சொல்லி, பலகையைப் பெயர்த்து, குழியில் கால் எந்த இடத்தில் மிதிக்கும் என்று காட்டினார். பலகை இன்னும் திரும்ப அடிக்கப்படவில்லை. கட்டில் திண்ணைக்குப் போய்விட்டது.

இப்போது வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். தறியில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஊருக்கு ஊர் வேறு பேர் இருப்பது தெரிய வருகிறது. குழியின் விளிம்பில் நெய்பவர் உட்காரும் பலகையை அப்பா வெறுமனே 'பலகை' என்றுதான் சொல்கிறார். உங்கள் ஊரில் அதற்கென்று தனிப் பேர் உண்டா? தெரிந்தவர்கள் ஊர்ப் பேரோடு சேர்த்துச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை அவரிடம் படித்துக் காட்டுகிறேன்.