பெட்ரோல் மிதக்கும் கிணறு: நீரோட்டம் தலைகீழாகத் தெரிகிறதே?

களத்துப்புழுதி:
எரிபொருள் தொட்டி கசிந்த ஓர் இடத்தில் கண்காணிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். தொட்டியை ஒட்டி மூன்றாம் கிணறு. அங்கிருந்து 20 மீட்டர் தள்ளி இரண்டாவது. முதல் கிணறு தொட்டிக்கு எதிர்ப்பக்கம். கேசிங் (கிணற்றின் உறைக்குழாய்) விளிம்பின் மட்டத்திலிருந்து தண்ணீர் இருக்கும் ஆழத்தைக் கழித்தால் முதல், இரண்டாம், மூன்றாம் கிணறுகளுக்கு வரிசையாக 95.88, 95.58, 95.14 மீட்டர் வருகிறது. அப்படியென்றால் தண்ணீர் தொட்டியை நோக்கித்தானே ஓட வேண்டும்? ஆனால் இரண்டாம் கிணற்றுத் தண்ணீரில் பென்சீன் (பெட்ரோலில் உள்ள நச்சுப்பொருள்) இருக்கிறது, முதல் கிணறு சுத்தம். பென்சீன் எதிர்நீச்சல் போட்டா வந்தது? மூன்றாம் கிணற்றில் மட்டும் 68 செ.மீ. பெட்ரோல் மிதக்கிறது. இந்த 68 செ.மீ.யை இடத்தின் பரப்போடு பெருக்கி, மண்ணுக்குள் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று சொல்லச் சொல்கிறார் மேலாளர். அது சரியா?

ஊற்றுக்கண்:
எதிர்நீச்சலெல்லாம் இல்லை, மூன்றாம் கிணற்று எண்தான் உங்களை ஏமாற்றுகிறது. மேலே நிற்கிற பெட்ரோல் தன் எடையால் குழாய்க்குள் இருக்கும் தண்ணீரைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. நீங்கள் அளந்தது அழுத்தப்பட்ட மட்டம். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரில் ஏறக்குறைய 0.74 பங்கு. 0.68ஐ 0.74ஆல் பெருக்கினால் 0.50 மீட்டர். அதை 95.14உடன் கூட்டுங்கள், 95.64 வரும். இப்போது தொட்டிப்பக்கம் இரண்டாம் கிணற்றைவிட 6 செ.மீ. உயரம். பென்சீன் எப்படிப் போனது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த 6 செ.மீ.யை நம்பி உடனே வரைபடத்தில் அம்புக்குறி போட்டுவிடாதீர்கள். அடர்த்தியை 0.72 என்று வைத்தாலே ஒரு செ.மீ.க்கு மேல் குறைந்துவிடும். பழைய பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போயிருக்கும் என்பதால் ஆய்வகத்தில் அடர்த்தியை அளந்துவிடுவது நல்லது. கேசிங் விளிம்பில் எங்கிருந்து அளப்பது என்று ஒரு குறி போட்டிருக்கிறார்களா? அந்தக் குறியிலிருந்துதான் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். எல்லாக் கிணறுகளையும் ஒரே நாளில், முடிந்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். பக்கத்தில் ஒரு பம்பு ஓடினால் போதும், திசை மாறிவிடும்.

மேலாளர் கணக்கு தப்பு. கிணறு வெற்றுக்குழாய். மண்ணில் அப்படியில்லை, துளைகளைப் பெட்ரோல், தண்ணீர், காற்று மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதுவும் மண் எவ்வளவு பொடியோ அவ்வளவு குறைவாகத்தான் பெட்ரோல் பங்கு. நீர்மட்டம் இறங்கினால் மண்ணில் ஒட்டியிருந்தது வடிந்து கிணற்றில் படலம் தடிக்கும். ஏறினால் பெட்ரோல் தண்ணீருக்கடியில் சிக்கிக்கொள்ளும், கிணற்றில் படலமே காணாது. மழைக்குப் பிறகு இப்படிக் காணாமல் போனதைப் பார்த்து, சுத்தமாகிவிட்டது என்று அறிக்கை எழுதியவர்களை எனக்குத் தெரியும். பெய்லரால் (கயிற்றில் இறக்கி அள்ளும் குழாய்) படலத்தை அள்ளிவிட்டு எவ்வளவு வேகத்தில் திரும்பச் சேர்கிறது என்று பாருங்கள். பம்பு வைத்து எடுக்க முடியுமா என்பதை அதுதான் சொல்லும்.

சோதனைக்குழாய்:
ஆய்வகத்தில் இருப்பவன் சார்பாக இரண்டு வார்த்தை. ஆழம் அளக்கும் ப்ரோப்பை மூன்றாம் கிணற்றில் இறக்கிவிட்டு அப்படியே முதல் கிணற்றுக்குப் போகாதீர்கள். சுத்தமான கிணற்றில் தொடங்கி அழுக்கானதில் முடியுங்கள், நடுவில் ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். பென்சீன் சட்டென்று ஆவியாகும், எனவே 40 மி.லி. குப்பியில் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தளும்ப நிரப்பி மூடுங்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அவ்வளவு நுணுக்கத்தில் பார்க்கும்போது ஒரு துளி பெட்ரோல் ஒட்டினாலும் முடிவு நாசம்.

களத்துப்புழுதி:
இருவருக்கும் நன்றி. மணல் தரை, சோதனையில் மண்ணின் நீர்க்கடத்து திறன் நாளுக்கு 5 மீட்டர் என்று வந்திருக்கிறது. அப்படியானால் மாசு ஒரு வருடத்தில் எவ்வளவு தூரம் போகும்?

ஊற்றுக்கண்:
20 மீட்டருக்கு 6 செ.மீ. என்றால் சரிவு 0.003. அதை 5ஆல் பெருக்கி, மண்ணின் துளைப்பங்கை 0.25 என்று வைத்து வகுத்தால் நாளுக்கு 6 செ.மீ., வருடத்துக்கு ஏறக்குறைய 22 மீட்டர். இது அந்த இரண்டு கிணறுகளை இணைக்கும் கோட்டுக்கு மட்டும்தான். உண்மையான சரிவும் திசையும் வேண்டுமென்றால் மூன்று மட்டங்களையும் முக்கோணமாக வைத்துப் போடுங்கள்.

தண்ணீர் போகும் வேகத்தில் பென்சீன் போகாது. கொஞ்சம் மண்ணில் ஒட்டும், கொஞ்சத்தை நுண்ணுயிர்கள் தின்னும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில், பெமிட்ஜி அருகே 1979இல் கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்த இடத்தை ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாகத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைப்பதை அங்கே விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் எங்கேயும் அப்படியே நடக்கும் என்று விட்டுவிட முடியாது. அடுத்த சுற்றில் கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், சல்ஃபேட், இரும்பு நான்கையும் சேர்த்து அளந்துவிட்டு எண்களை இங்கே போடுங்கள். தின்னும்போது நுண்ணுயிர்கள் ஆக்சிஜனையும் சல்ஃபேட்டையும் செலவழிக்கும், மண்ணிலுள்ள இரும்பைக் கரைய வைக்கும். அதனால் முதல் கிணற்றைவிட இரண்டாவதில் ஆக்சிஜனும் சல்ஃபேட்டும் குறைந்து, கரைந்த இரும்பு கூடியிருந்தால் தின்னும் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், இரண்டாம் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நான்காவது கிணறு ஒன்று போடச் சொல்லி மேலாளரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். மாசு எங்கே நிற்கிறது என்று இந்த மூன்றில் தெரியவே தெரியாது.