‘ப’ வாரம்: ஒலியில் தொடங்குவதா, எழுத்தில் தொடங்குவதா?

தடிகா_சிப்புட்:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ‘ப’ எழுத்தை மட்டும் ஒரு வாரம் ஒலிமுறையில் (எழுத்தின் ஒலியைப் பழக்கி, ஒலிகளைக் கூட்டிப் படிக்க வைப்பது) நடத்தத் திட்டம் போட்டிருக்கிறேன். 25 பேர், ஓர் உதவியாளர். குறை தெரிந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

திங்கள்: கைக்கண்ணாடியில் உதட்டைப் பார்த்து ‘ப்’ சொல்வது, வாய்க்கு முன்னால் டிசு நாடா பிடித்து, அது காற்றில் ஆடுவதைக் காட்டுவது. செவ்வாய்: பல், பசு, பந்து, பஸ், பலூன், பொம்மை, பால், பூனை என எட்டுப் படம், கூடவே மரம், வண்டி, காகம், நாய் என நாலு வேற்றுப் படம், ‘ப’ கூடையில் எதைப் போடலாம் என்று பிரிப்பது. புதன்: மணல் தட்டில் எழுதுவது. வியாழன்: மாவை உருட்டி எழுத்தாக வளைப்பது. வெள்ளி: ப்-அ-ல் என்று ஒலிகூட்டிப் ‘பல்’ படிப்பது.

முறையாக ஒலிவழி கற்பித்தால் பலன் உண்டு என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. நாம்தான் இன்னும் அட்டையைக் காட்டி ஒப்பிக்க வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கரும்பலகை:
டீச்சர், அந்த அறிக்கை ஆங்கில வாசிப்பைப் பற்றியது. தமிழுக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் வெள்ளிக்கிழமைப் பாடம் உட்காராது, ஏனென்று சொல்கிறேன்.

‘ப்’ வெடிப்பொலி, இழுக்க முடியாது. ஆங்கில ஒலிமுறைப் பட்டியல்களில் முதலில் வரும் எஸ் அப்படியில்லை. ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்துக்கொண்டே அடுத்த ஒலிக்குப் போய்விடலாம். ‘ப்’பைத் தனியே சொல்லப் போனால் ஆசிரியர் வாயில் ‘ப’ என்று வரும், இல்லாவிட்டால் ‘இப்’ என்று வரும். இக், இங், இச் என்று சொல்லியே பழகிய வாய். பிள்ளை அதைக் கூட்டினால் ‘இப்-அ-ல்’, ‘இப்பல்’. பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

நம் எழுத்து அசையெழுத்து. ‘ப’ என்ற வடிவத்துக்குள்ளேயே அகரம் இருக்கிறது. அதை உடைத்து மறுபடி ஒட்டுவது ஐந்து வயதில் வீண் வேலை. ட, ப, ம என்று எளிய வடிவத்தில் தொடங்கி, படம், மடம், பட்டம் என நேரே சொல்லுக்குப் போங்கள். ‘ட’ எழுதிய கை நிறுத்தாமல் ஒரு கோட்டை மேலே இழுத்தால் ‘ப’ ஆகிவிடும்.

மூக்குத்தி:
ஐயா, கைப்பழக்கத்துக்கு ‘ட’ நல்ல தொடக்கம். காதுக்கு அது சங்கடம். டகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. டயர், டின், டப்பா என்று இரவல் சொல்லைத்தான் காட்ட வேண்டிவரும். அதுகூடப் பரவாயில்லை. ‘ட’வை வல்லெழுத்தாக அழுத்திச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் ‘படம்’ படிக்கச் சொல்கிறீர்கள். அந்தச் சொல்லில் டகரம் மெலிந்து ஒலிக்கிறது. எழுத்தெழுத்தாகக் கூட்டும் பிள்ளை ‘பட்டம்’ என்றுதான் முடிக்கும். அதனால் இரண்டு சொல்லையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

டீச்சர், உங்கள் திட்டத்தில் பெரிய ஓட்டை செவ்வாய்க்கிழமை. பஸ், பலூன், பொம்மை மூன்றையும் நம் பிள்ளைகள் ‘ப்’ (p) ஒலியில் சொல்வதில்லை, மெலிந்த b ஒலியில்தான் சொல்கிறார்கள். அதே பிள்ளை அடுத்த பாடத்தில் பாஸ், பெலோன் என்ற மலாய்ச் சொற்களை ரூமியில் (மலாயை எழுதும் ரோமன் எழுத்தில்) b என்ற இரண்டாம் எழுத்தில் பார்க்கிறது. பீசாங் (வாழைப்பழம்), போக்கோக் (மரம்) p என்ற வேறு எழுத்தில் வருகிறது. ரூமி வகுப்பில் இரண்டு கூடை, தமிழ் வகுப்பில் ஒரே கூடை. ஒலியைக் கவனி என்று சொல்லிவிட்டு, கவனித்த பிள்ளையைத் தவறு என்று சொல்ல வேண்டிவரும். முதல் வாரத்துக்குப் பல், பசு, பத்து, பழம், பலகை, பச்சை போதும். பந்தையும் எடுத்துவிடுங்கள், சில வீடுகளில் அதையும் மெலித்தே சொல்கிறார்கள்.

இன்னொன்று. படத்தை நீட்டி “இது எந்தக் கூடை?” என்று நேரே கேட்கக் கூடாது. பப்பாளிப் படத்தைப் பார்த்து மனத்துக்குள் மலாயில் ‘பெத்திக்’ (betik) என்று சொல்லிக்கொள்ளும் பிள்ளை அதை ஒதுக்கி வைக்கும். வாழைப்பழம் இன்னும் மோசம்: ‘பீசாங்’ என்று நினைத்துச் சரியான கூடையில் போட்டுவிடும், நீங்களும் கைதட்டிவிடுவீர்கள். எல்லாரும் சேர்ந்து தமிழ்ப் பெயரை இரண்டு முறை சொன்ன பிறகுதான் பிரிக்க வேண்டும்.

டிசு நாடா வேண்டவே வேண்டாம். ஆங்கிலத்தில் ‘பென்’ என்னும்போது உதட்டிலிருந்து காற்று பீறிடும், நாடா ஆடும். தமிழ் ‘ப’வுக்கு அந்த மூச்சு கிடையாது, மலாய்க்கும் கிடையாது. நாடா ஆடியே ஆக வேண்டும் என்று ஊதி ஊதிச் சொன்னால் பிள்ளைகள் ஆங்கிலப் ‘ப’வைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதற்குப் பதில் மூக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். ‘ப’, ‘ம’ இரண்டுக்கும் உதடு மூடும், கண்ணாடியில் வேறுபாடு தெரியாது. மூக்கைப் பிடித்தால் ‘ம்ம்ம்’ அடைபட்டு நிற்கும், ‘ப’ தடையில்லாமல் வரும்.

தடிகா_சிப்புட்:
மூக்கு விளையாட்டு அருமை அக்கா, நாடாவுக்குப் பதில் அதையே வைக்கிறேன். படப் பட்டியலும் சரி. ஆனால் பாம்பு, தம்பி எல்லாம் என்ன ஆகும்? எவ்வளவு நாளைக்குத்தான் ஒதுக்கி வைக்க முடியும்?

மூக்குத்தி:
ஒதுக்க வேண்டாம், தள்ளி வைத்தால் போதும். ‘ம்’முக்குப் பின்னால் ‘ப’ தானாகவே மெலியும்: அம்பு, தம்பி, கம்பம். பிள்ளைகள் பேசும்போது அப்படித்தான் பேசுகிறார்கள், சொல்லித்தரத் தேவையே இல்லை. வாசிக்கும்போது மட்டும் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பாம்பைக் கொண்டுவாருங்கள். ஒரே சொல்லில் முன்னால் வல்லொலி, பின்னால் மெல்லொலி.

கரும்பலகை:
பால், பூனை அந்தக் கூடையில் இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. காதுக்கு ஒரே ஒலி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாரம் முழுக்கக் காட்டும் அட்டையில் இருப்பது ‘ப’. ‘பூ’வைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த வடிவம் கீழே வால் முளைத்து வேறாகத் தெரிகிறது. ‘பெ’வில் கொம்பு முன்னால் நிற்கிறது, இடமிருந்து வலமாகப் படிக்கும் கண் முதலில் கொம்பில்தான் முட்டும். எழுத்து வாரத்தில் அகரம் ஏறிய சொற்கள் மட்டும் போதும். ‘பா’ அடுத்த வாரம்.

கன்னடப் பிள்ளைகளை வைத்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டித்தான் பேசுகிறது. அசையை உணர்வது முன்னால் வருகிறது, தனி ஒலியைப் பிரித்து உணர்வது மெதுவாகத்தான் வருகிறது. கன்னடமும் அசையெழுத்துத்தான்.

தடிகா_சிப்புட்:
மெதுவாக வருகிறது என்பதால் சொல்லியே தரக் கூடாது என்று ஆகிவிடாதே ஐயா. தனி ஒலி காதில் விழாத பிள்ளைக்கு 216 உயிர்மெய்யும் 216 தனிப் படங்கள். ‘ப்’ ஒன்றைப் பிடித்துவிட்டால் ப முதல் பௌ வரை பன்னிரண்டுக்கும் ஒரே சாவி. ஆங்கிலம், ரூமி இரண்டும் அதே பிள்ளைக்கு அதே ஆண்டில் தனி ஒலியாகத்தான் வருகின்றன. தமிழுக்கு மட்டும் ஏன் வேறு காது?

மூக்குத்தி:
இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, தமிழே அதைத் தருகிறது. ‘ப்’பைச் சொல்லின் முதலில் தேடினால்தான் ‘இப்’ வந்து ஒட்டும். நடுவில் தேடுங்கள்: அப்பா, உப்பு, கப்பல், சப்பாத்து. ‘அப்’ என்று உதட்டை மூடி, இரண்டு விரல் மடக்கும் நேரம் அப்படியே வைத்திருந்து ‘பா’ என்று திறக்கச் சொல்லுங்கள். அந்த மூடிய நேரம்தான் ‘ப்’. இழுக்க முடியாத ஒலியை இங்கே பிடித்து வைக்கலாம்.

வெள்ளிக்கு ப்-அ-ல் வேண்டாம். ‘ப’ அட்டை, ‘ல்’ அட்டை இரண்டே போதும். ‘ல்’லை இழுக்கலாம்: பல்ல்ல். பிறகு ‘ப’வை எடுத்துவிட்டு ‘க’ வையுங்கள்: கல். அதேபோல் படம், மடம், வடம் (ட வந்த பிறகு). முதல் அட்டை மாறும்போது எது மாறியது, எது மாறவில்லை என்று பிள்ளை கேட்கிறது அல்லவா, அங்கேதான் ஒலிப் பிரிப்பு தொடங்குகிறது. கைதட்டி எண்ணுவதாக இருந்தால் எழுத்தை எண்ண விடாதீர்கள். ‘பட்டம்’ நாலு எழுத்து, ஆனால் கை இரண்டு முறைதான் தட்டும்.

செம்மண்:
புதன், வியாழனுக்கு என் பங்கு. உப்புத் தட்டு நம் ஊர் ஈரத்தில் கட்டிதட்டும். ரவை போட்டால் எறும்பு. ஆற்று மணலைச் சலித்துக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைப்பதே மேல். தட்டு ஏ4 தாள் அளவு, அடியில் கறுப்புத் தாள், மணல் ஒரு செண்டிமீட்டர் உயரம். அதற்கு மேல் போனால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும், ரொம்பக் குறைந்தால் விரல் தட்டில் உராயும். 25 பேருக்கு ஐந்து தட்டு போதும். ஐந்து பேர் எழுதும்போது மற்றவர்கள் படம் பிரிக்கட்டும்.

எழுத்தில் எப்போதும் வரும் சிக்கல், ‘ப’ வளைந்து ஆங்கில ‘யூ’ ஆகிவிடுவது. ஆங்கிலப் பாடத்தில் பழகிய கை அது. இடது மேல்முனையில் தொடங்கி, கீழே வந்து நில், வலப்பக்கம் போய் நில், மேலே போ. ‘நில்’ என்ற சொல்லில் விரல் உண்மையிலேயே நிற்க வேண்டும், ஆனால் எடுக்கக் கூடாது. இரண்டு மூலையிலும் ஒரு பொத்தான் வைத்தால் கூர்மை வரும். மணல்தாளில் எழுத்து வெட்டினால் 120ஆம் எண் தாள் வாங்குங்கள். 60 சொரசொரப்பு அதிகம், பிள்ளைகள் இரண்டாம் முறை தொட மாட்டார்கள்.

மாவுக்கு இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, முக்கால் கப் தண்ணீர், ஒரு கரண்டி எண்ணெய். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். திறந்து வைத்தால் உப்பு ஈரத்தை இழுத்து மறுநாள் பிசுபிசுக்கும், மூடி போட்ட டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். உருட்டல் 24 செண்டிமீட்டர் இருந்தால் மூன்று பக்கமும் எட்டெட்டாக வரும். நீளம் குறைந்தால் வலக்கோடு குட்டையாகி ‘ட’ மாதிரி நிற்கும்.

கரும்பலகை:
எல்லாம் சரி. ஒன்றாம் ஆண்டு ஆசிரியர் ‘இக், இங்’ என்று தொடங்குவாரே, அப்போது?

தடிகா_சிப்புட்:
அது மெய்யின் பெயர், வாசிக்கும்போது சொல்வது வேறு என்று அப்போது சொல்லித்தரலாம் ஐயா. அந்த வயதில் அதைப் பிரித்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து பல், கல், பசு என்று மூன்று அட்டை காட்டப் போகிறேன். கல்லைப் பல் என்று படிப்பவர்கள் அட்டையைப் பார்க்காமல் மனப்பாடத்தில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, அவர்களை மட்டும் திங்கட்கிழமை மறுபடி ‘ப’ கூடைக்கு அழைக்கிறேன்.