நாலு வருடக் காதல், இன்னும் மெனக்கெடலாமா?

நாலு வருடமாகப் பழகுகிறோம். அவன் கெட்டவன் இல்லை, ஏமாற்றவும் இல்லை, அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். சண்டை வந்தால் முதலில் பேசுவது நான், சந்திக்க நாள் குறிப்பதும் நான். நேற்று ராத்திரி எங்கள் மெசேஜ்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், நான் எழுதியதெல்லாம் பத்தி பத்தியாக இருக்கிறது, அவன் பக்கம் "ம்", "சரி", ஒரு கட்டைவிரல். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது விடிய விடிய பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். விடலாம் என்றால் நாலு வருடமும் வீணா என்று வயிற்றைப் பிசைகிறது.

பதில் 1:
அந்த நாலு வருடத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கேரல் ரஸ்பல்ட் என்ற உளவியலாளர் 1980லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓர் உறவில் ஒட்டிக்கொண்டிருக்கத் திருப்தி மட்டும் காரணமில்லை, இதை விட்டால் வேறென்ன இருக்கிறது என்பதும், இதுவரை போட்ட முதலும் சேர்ந்துதான் நம்மைக் கட்டிப்போடுகின்றன. நானும் அப்படித்தான், மனசு விட்டுப்போன பிறகும் போட்ட முதலுக்காக இரண்டு வருடம் இழுத்தேன். கடைசியில் ஆறு வருடம் வீணானதுதான் மிச்சம்.

பதில் 2:
"ம்" போடுகிறவனெல்லாம் அன்பில்லாதவனா? என் வீட்டுக்காரருக்கும் டைப் செய்வதென்றாலே கசப்பு, நேரில் வாயை மூட மாட்டார். மெசேஜை விடுங்க, சண்டையில் அவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். ஜான் காட்மேன் என்ற உளவியலாளர் தம்பதிகளைச் சண்டை போடவிட்டே கவனித்தவர். நிலைத்த ஜோடிகளிடம், சண்டைக்கு நடுவிலும், ஒரு கசப்புக்கு ஐந்து நல்லது என்ற அளவில் இருந்ததாம். கோபத்தைவிட இளக்காரம்தான் ஆபத்து என்பதும் அவர் சொன்னதே. நீங்கள் அழும்போது கண்ணை உருட்டுகிறாரா, தண்ணீர் எடுத்து வந்து நீட்டுகிறாரா?

பதில் 3:
முதலில் அவனிடம் சொன்னீர்களா? நான் சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று பதினொரு நாள் என் காதலிக்கு மெசேஜ் அனுப்பாமல் இருந்தேன். அவள் என்னவென்றால் எனக்குப் பரீட்சை, தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்திருக்கிறாள்!

கேள்வி கேட்டவர்:
தண்ணீர் எடுத்து வருவான், அப்புறம் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பான். நேராகச் சொன்னதில்லை, ஜாடைமாடையாகத்தான். ஞாயிற்றுக்கிழமை சந்திக்கிறோம், சொல்லிவிடுகிறேன். நாள் குறித்தது இந்தத் தடவையும் நான்தான்.